ஜாங்கோவில் கடவுச்சொல்லை ஒழுங்காக வைப்பது எப்படி

யாழ்ப்பாணம் கொக்குவிலில் ஒரு மேல்மாடி அறையில் சனி, ஞாயிறுகளில் உயர்தரம் முடித்த பிள்ளைகள் சிலருக்குப் பைதனும், பைதனில் இணையத்தளம் கட்ட உதவும் ஜாங்கோவும் சொல்லிக்கொடுக்கிறேன். மூன்றாவது நான்காவது வகுப்பிலேயே யாராவது ஒருவர் "சேர், லொகின் வேலை செய்யுது" என்று மடிக்கணினியைத் திருப்பிக் காட்டுவார். நான் லொகின் பக்கத்தைப் பார்ப்பதில்லை. தரவுத்தளத்தைத் திறந்து பயனர் அட்டவணையைக் காட்டுங்கோ என்பேன். பல தடவை அங்கே கடவுச்சொல்லாக வைத்த அம்மாவின் போன் நம்பர் அப்படியே, யாரும் வாசிக்கக்கூடிய மாதிரி கிடக்கும்.

அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். கோட் பெயர்களை ஒலிப்படி தமிழில் தருகிறேன். செட்_பாஸ்வேர்ட் என்று இங்கே கண்டால் உங்கள் கோப்பில் அதை ஆங்கில எழுத்தில், இடையில் கீழ்க்கோடு போட்டு எழுதுங்கள். நான் வைத்திருப்பது ஜாங்கோ 5.2.

முதலில் அந்த நீள வரியை வாசியுங்கள்

புதிய புரொஜெக்ட் ஒன்றை உருவாக்கி, மைக்ரேட் (தரவுத்தள அட்டவணைகளை உருவாக்கும் கட்டளை) ஓட்டி, கிரியேட்சூப்பர்யூசர் கட்டளையால் ஒரு நிர்வாகிக் கணக்கைத் திறந்துவிடுங்கள். பிறகு ஷெல்லுக்குள் (கோட் வரிகளை ஒவ்வொன்றாக அடித்து ஓட்டிப் பார்க்கும் இடம்) போய் அந்தப் பயனரை எடுத்து, அவருடைய பாஸ்வேர்ட் என்ற புலத்தை அச்சிட்டுப் பாருங்கள். நீங்கள் கொடுத்த சொல் வராது. டொலர் குறிகளால் நான்காகப் பிரித்த ஒரு நீளமான வரி வரும். முதல் துண்டு எந்த முறையில் ஹாஷ் செய்தது என்று சொல்லும்: பிபிகேடிஎஃப்2, எஸ்எச்ஏ256. இரண்டாவது துண்டு 1000000, அதாவது பத்து இலட்சம் சுற்று. மூன்றாவது சால்ட், 22 எழுத்து. கடைசித் துண்டுதான் ஹாஷ். 44 எழுத்து, முடிவில் ஒரு சமன் குறி நிற்கும்.

ஹாஷ் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் வீட்டு மிளகாய்த்தூளைத்தான் சொல்வேன். செத்தல் மிளகாய், மல்லி, சீரகம், மிளகு எல்லாம் வறுத்து மில்லில் கொடுத்துத் திரித்தால் தூள் வரும், தூளிலிருந்து மிளகாயைத் திரும்ப எடுக்க ஏலாது. ஆனால் அதே அளவில் அதே சாமான் போட்டுத் திரித்தால் அதே தூள்தான் வரும், அதனால் ஒருவர் லொகின் செய்யும்போது அவர் தந்ததைத் திரும்பத் திரித்துப் பார்த்து இரண்டும் ஒன்றா என்று ஒப்பிடலாம். சால்ட் என்பது ஒவ்வொரு வீட்டுக்காரரின் பையிலும் நாம் வேறுவேறாகப் போட்டுவிடும் ஒரு கைப்பிடி. அதைப் போட்டால் ஒரே கடவுச்சொல்லை வைத்திருக்கும் இரண்டு பேரின் ஹாஷ் ஒன்றாக இருக்காது. சால்ட்டை ஒளித்துவைக்கத் தேவையில்லை, அதனால்தான் அது அதே வரியில் பக்கத்திலேயே கிடக்கிறது.

பத்து இலட்சம் சுற்று எதற்கு? வேண்டுமென்றே மெதுவாக்குவதற்கு. உண்மையான ஆளுக்கு லொகின் செய்ய அரைச் செக்கன் போனால் ஒன்றும் குடிமுழுகாது, களவெடுத்த தரவுத்தளத்தை வைத்துக்கொண்டு கோடிக்கணக்கான சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பவனுக்குத்தான் அது வயிற்றெரிச்சல். எம்டி5, வெறும் எஸ்எச்ஏ1 போன்ற ஹாஷ் முறைகள் வேகமாக ஓடுவதற்கென்றே செய்தவை, அதனால் இந்த வேலைக்கு உதவாது. 2009 இல் ரொக்யூ தளத்திலிருந்து 3 கோடிக்கு மேற்பட்ட கடவுச்சொற்கள் வெளியே வந்தபோது அவை ஹாஷே செய்யப்படாமல் கிடந்தன. 2012 இல் லிங்க்ட்இன்னிலிருந்து வெளியானவை ஹாஷ் செய்தவைதான், ஆனால் சால்ட் இல்லாத எஸ்எச்ஏ1. இரண்டும் பெரிய நிறுவனங்கள்.

ஆகவே ஹாஷ் முறையை நீங்களே எழுதவேண்டாம். யூடியூப்பில் பார்த்து, பைதனோடு வரும் ஹாஷ்லிப் தொகுதியை இறக்கி இரண்டு வரி எழுதும் பெடியன்களை எனக்குத் தெரியும், அந்த வரிகளை அழிக்கவைப்பதுதான் என் முதல் வேலை. ஆர்கன்2 வேண்டுமென்றால் (2015 இல் கடவுச்சொல் ஹாஷ் போட்டியில் வென்றது அது) அதற்கான பொதியை நிறுவி, செட்டிங்ஸில் பாஸ்வேர்ட்_ஹாஷர்ஸ் பட்டியலின் தலையில் அதைப் போடுங்கள். முதலாவதாக இருப்பது புதிதாக எழுதும், மற்றவை பழையதை வாசிக்கும். பழைய பயனர் அடுத்த முறை சரியாக லொகின் செய்யும்போது அவருடைய ஹாஷ் தானாகவே புது முறைக்கு மாறிவிடும். ஜாங்கோ பதிப்புக்குப் பதிப்பு சுற்றுகளைக் கூட்டும்போதும் (4.2 இல் 600000, 5.0 இல் 720000, 5.1 இல் 870000) இதே ஏற்பாடுதான் வேலை செய்கிறது. பழையதைப் பட்டியலிலிருந்து அவசரப்பட்டு எடுத்துவிடாதீர்கள், எடுத்தால் அந்தப் பயனர்கள் வெளியில்தான் நிற்பார்கள்.

எழுதக்கூடாத வரி

யூசர்.பாஸ்வேர்ட் சமன் என்று தொடங்கி வலப்பக்கத்தில் பயனர் தந்த சொல்லை வைக்கும் வரி. இது ஹாஷ் செய்யாது, சும்மா எழுதிவைக்கும். எப்போதும் யூசர்.செட்_பாஸ்வேர்ட் என்று அழைத்து, பிறகு சேவ் செய்யுங்கள் (செட்_பாஸ்வேர்ட் தானாகச் சேமிக்காது, இதை மறந்துவிட்டு ஒரு பின்னேரம் முழுக்க மண்டையை உடைத்தவர்கள் இருக்கிறார்கள்). புதுக் கணக்கென்றால் கிரியேட்_யூசர், வெறும் கிரியேட் இல்லை.

நானே விட்ட பிழை ஒன்று. ஒரு டியூட்டரிக்குப் பிள்ளைகளின் புள்ளிகளைப் பெற்றோர் பார்க்கும் தளம் செய்துகொடுத்தேன். பெற்றோரின் விபரம் எல்லாம் எக்ஸெல் கோப்பில் இருந்தது, முன்னூறு சொச்சம் பேர். ஒவ்வொன்றாகப் போடப் பஞ்சிப்பட்டு பல்க்_கிரியேட்டால் ஒரேயடியாக ஏற்றினேன், கடவுச்சொல்லாக அவர்களுடைய அடையாள அட்டை இலக்கத்தையே வைத்தேன். புள்ளி வெளியான அன்று ஒருவராலும் உள்ளே போக முடியவில்லை. அட்மின் பக்கத்தைத் திறந்தால் ஒவ்வொரு பெயரிலும் கடவுச்சொல்லின் வடிவம் பிழை, தெரியாத ஹாஷ் முறை என்ற அறிவிப்பு. பல்க்_கிரியேட் தந்ததைத் தந்தபடி எழுதிவிட்டது, ஜாங்கோ அதை ஹாஷ் என்று எடுத்து வாசிக்கப் பார்த்து மறுத்துவிட்டது. அன்று லொகின் வேலை செய்யாமல் போனதுதான் எனக்கு வாய்த்த நல்லகாலம். ஒப்பிடும் வேலையை நானே எழுதியிருந்தால் எல்லாம் வடிவாக வேலை செய்திருக்கும், முன்னூறு பேரின் அடையாள அட்டை இலக்கமும் அங்கேயே கிடந்திருக்கும். பிறகு தரவுத்தளத்தைத் திருத்தியது மட்டும் காணாது, முதல்நாள் இரவு பென்டிரைவில் எடுத்துவைத்த பிரதியையும் தேடி அழிக்கவேண்டி வந்தது.

இப்படி மொத்தமாக ஏற்றவேண்டி வந்தால் செய்யவேண்டியது: ஒவ்வொருவருக்கும் கெட்_ராண்டம்_ஸ்ட்ரிங் கொண்டு 32 எழுத்தில் ஏதோ ஒன்றை உருவாக்கி, செட்_பாஸ்வேர்ட் செய்து, அதற்குப் பிறகு ஏற்றுங்கள். அந்தச் சொல் உங்களுக்கும் தெரியவேண்டாம், அவர்களுக்கும் தெரியவேண்டாம். கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பை மின்னஞ்சலில் அனுப்புங்கள், அது இயல்பாக 3 நாள் செல்லும். இங்கே ஒரு குழி இருக்கிறது. செட்_அன்யூசபிள்_பாஸ்வேர்ட் என்று ஒன்று உண்டு, பெயரைப் பார்த்தால் இதற்காகவே செய்தது போல இருக்கும், ஆனால் அப்படிக் குறித்த கணக்குகளுக்கு ஜாங்கோவின் மீட்பு மின்னஞ்சல் போகவே போகாது. பிழைச் செய்தியும் வராது. அனுப்பியாயிற்று என்று பக்கம் சொல்லும், ஆள் காத்துக்கொண்டே இருப்பார்.

நான்கு காவல்காரர், சில வாசல்களில் மட்டும்

செட்டிங்ஸில் ஆத்_பாஸ்வேர்ட்_வேலிடேட்டர்ஸ் என்ற பட்டியல் இருக்கிறது. புதிய புரொஜெக்ட்டில் நான்கு பேர் ஏற்கெனவே நிற்பார்கள். ஒருவர் கடவுச்சொல் பயனரின் பெயர், மின்னஞ்சல் போன்றவற்றோடு ஒத்திருக்கிறதா என்று பார்ப்பார். ஒருவர் குறைந்தது 8 எழுத்து இருக்கிறதா என்று. ஒருவர் 20000 பொதுவான கடவுச்சொற்களின் பட்டியலில் தேடுவார். கடைசி ஆள் முழுக்க இலக்கமாக இருந்தால் மறுப்பார்.

புதிதாக வருபவர்கள் நினைப்பது, பட்டியலில் போட்டாயிற்று, இனி எல்லா இடத்திலும் பார்க்கும் என்று. பார்க்காது. ஜாங்கோவோடு வரும் பதிவுப் படிவம், கடவுச்சொல் மாற்றும் படிவம், மீட்புப் படிவம், பிறகு கிரியேட்சூப்பர்யூசர், சேஞ்ச்பாஸ்வேர்ட் கட்டளைகள், இந்த வாசல்களில்தான் காவல். உங்கள் வியூவில் (பக்கத்துக்கு வரும் கோரிக்கையைக் கையாளும் கோட்) நேரே கிரியேட்_யூசர் அழைத்தால் 123 என்ற கடவுச்சொல்லும் அழகாக ஹாஷ் செய்யப்பட்டு உள்ளே போய்விடும். ஹாஷ் செய்வது ஜாங்கோவின் பாடு, கடவுச்சொல் எந்தெந்த வாசலால் வருகிறது என்று எண்ணிப் பார்ப்பது உங்கள் பாடு.

உங்கள் சொந்தப் படிவம் என்றால் வேலிடேட்_பாஸ்வேர்ட் என்ற சார்பை நீங்களே அழைக்கவேண்டும். அழைக்கும்போது கடவுச்சொல்லை மட்டும் கொடுக்காமல் பயனரையும் கொடுங்கள், இல்லாவிட்டால் பெயரோடு ஒப்பிடும் காவல்காரருக்கு ஒப்பிட ஒன்றும் இருக்காது. ஆள் இன்னும் சேமிக்கப்படவில்லை என்றால் பரவாயில்லை, பெயரும் மின்னஞ்சலும் போட்டு ஒரு யூசர் பொருளை நினைவில் மட்டும் செய்து கொடுக்கலாம்.

மொபைல் செயலி தரவு கேட்டு வாங்கும் ஏபிஐ செய்வதற்காக ரெஸ்ட் ஃபிரேம்வேர்க் என்ற பொதியைப் போடுபவர்கள் கூடுதலாகக் கவனியுங்கள். மொடல்சீரியலைசரில் பாஸ்வேர்ட் புலத்தைச் சேர்த்துவிட்டு வேறொன்றும் செய்யாவிட்டால் இரண்டு கேடு: வந்த சொல் ஹாஷ் இல்லாமல் சேமிக்கப்படும், பதிலிலும் அது திரும்பிப் போகும். அந்தப் புலத்தை ரைட்_ஒன்லி ஆக்குங்கள், கிரியேட் முறையை மேலெழுதி உள்ளே கிரியேட்_யூசர் அழையுங்கள், அதற்கு முன்னால் வேலிடேட்_பாஸ்வேர்ட். அப்டேட் முறையிலும் இதே கதைதான், அதைத்தான் அநேகமாக எல்லோரும் மறக்கிறார்கள்.

எங்கள் ஊர்க் கடவுச்சொற்கள்

அந்த 20000 சொற்கள் உலகெங்கும் கசிந்தவற்றிலிருந்து சேர்த்தவை, நல்லூரையும் நாவற்குழியையும் அதற்குத் தெரியும் என்று நம்பியிருக்காதீர்கள். பெரிய எழுத்து ஒன்று, சின்ன எழுத்து ஒன்று, இலக்கம் ஒன்று, குறி ஒன்று கட்டாயம் வேண்டும் என்று விதி போட்டால் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள்? ஆங்கிலத்தில் ஜாஃப்னா என்று முதல் எழுத்தைப் பெரிதாக எழுதி, அட் குறி போட்டு, 123 அடிப்பார்கள். பத்து எழுத்து, எல்லா விதியும் சரி, கடவுச்சொல் குப்பை. அமெரிக்காவின் நிஸ்ட் என்ற தரநிலை நிறுவனமே 2017 இலிருந்து இப்படிப்பட்ட கலவை விதிகளை வேண்டாம் என்றுதான் சொல்கிறது. நீளத்தைப் பாருங்கள், தெரிந்த சொல்லைத் தடுங்கள், அது காணும். நான் குறைந்த நீளத்தை 12 ஆக வைப்பேன்.

அடையாள அட்டை இலக்கம் இதைவிட மோசம். புதிய 12 இலக்க அட்டை என்றால் முழுக்க எண், நாலாவது காவல்காரர் பிடித்துவிடுவார். பழைய அட்டையில் 9 இலக்கமும் கடைசியில் வி அல்லது எக்ஸ் என்ற ஆங்கில எழுத்தும் இருப்பதால் அது முழு எண் இல்லை, 8 எழுத்துக்கு மேல், பொதுப் பட்டியலிலும் இராது. நால்வரையும் தாண்டி நேரே உள்ளே போகும். ஆனால் அதன் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று ஆண்டின் எத்தனையாவது நாள் (பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும்). பிறந்தநாள் தெரிந்தவனுக்கு மிச்சம் நான்கு இலக்கம்தான், கூடினால் 10000 தரம் போட்டுப் பார்த்தால் முடிந்தது. பிறந்தநாளை நாங்களே முகநூலில் கேக்கோடு போடுகிறோம்.

இதற்கு நீங்களே ஒரு காவல்காரரை எழுதலாம், கஷ்டமில்லை. செயலியின் கோப்புறையில் வேலிடேட்டர்ஸ் என்று ஒரு கோப்பு, அதற்குள் ஒரு கிளாஸ், கிளாஸுக்குள் இரண்டு முறைகள். ஒன்று வேலிடேட்: கடவுச்சொல்லையும் பயனரையும் வாங்கும், பிடிக்காவிட்டால் வேலிடேஷன்எரர் எழுப்பும், பிடித்தால் பேசாமல் இருக்கும். மற்றது கெட்_ஹெல்ப்_டெக்ஸ்ட்: படிவத்துக்குக் கீழே காட்டும் விளக்கம், இதைத் தமிழில் எழுதுங்கள். எழுதிய கிளாஸை ஆத்_பாஸ்வேர்ட்_வேலிடேட்டர்ஸ் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். வேலிடேட்டுக்குள் நான் வைத்திருக்கும் விதி மிகச் சின்னது: எழுத்துகளையும் குறிகளையும் நீக்கிவிட்டு இலக்கங்களை எண்ணு, 9 அல்லது அதற்கு மேல் இருந்தால் மறு. அடையாள அட்டையும் பிடிபடும், பின்னால் ஒரு எழுத்தை ஒட்டிய 077 போன் நம்பரும் பிடிபடும். இரண்டாவது விதி, கடைசியில் உள்ள இலக்கங்களையும் குறிகளையும் வெட்டிவிட்டு மிச்சத்தைச் சின்ன எழுத்தாக்கி, ஊர்ச் சொற்கள் உள்ள ஒரு கோப்பில் தேடுவது. ஊர்ப் பெயர்கள், கோயில் பெயர்கள், பள்ளிக்கூடங்களின் சுருக்கப் பெயர்கள், அம்மா, அப்பா, முருகன். ஜாங்கோவின் பொதுச்சொல் காவல்காரருக்கே உங்கள் கோப்பைக் கொடுத்து இன்னொரு தடவை பட்டியலில் சேர்க்கலாம்தான், ஆனால் அவர் முழுச்சொல்லும் அப்படியே பொருந்தினால்தான் பிடிப்பார். 123 ஐ 1234 ஆக்கினால் விட்டுவிடுவார்.

பெயரோடு ஒப்பிடும் காவல்காரருக்கும் எங்கள் ஊரில் ஒரு பலவீனம். முதற்பெயர் தர்சினி என்று தமிழில் பதிந்திருக்க, கடவுச்சொல்லை அதே பெயரை ஆங்கில எழுத்தில் எழுதி 99 சேர்த்து வைத்தால் அவருக்கு இரண்டும் வேறுவேறு எழுத்துக் கூட்டம். பயனர்பெயரிலோ மின்னஞ்சலிலோ அதே ஆங்கில எழுத்துக்கூட்டல் இருந்தால் பிடிபடும், இல்லாவிட்டால் இல்லை. இதற்கு என்னிடம் சுத்தமான வழி கிடையாது.

தமிழிலேயே கடவுச்சொல் வைத்தால்

வைக்கட்டும், தடுக்கவேண்டாம். ஆனால் இரண்டு விஷயம் தெரிந்திருக்கவேண்டும்.

கொக்குவில் என்று எழுதிப் பாருங்கள். கண்ணுக்கு ஐந்து எழுத்து: கொ, க், கு, வி, ல். பைதனுக்குப் பத்து. ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு விசிறியும் கொம்பும் யுனிகோடில் தனியாக எண்ணப்படும், அதனால் குறைந்தது 8 என்ற விதியை ஐந்தெழுத்து ஊர்ப்பெயர் ஒன்று சிரித்துக்கொண்டே தாண்டும். ஒவ்வொன்றும் யூடிஎஃப்8 இல் 3 பைட் பிடிப்பதால் வெறும் பிகிரிப்ட் என்ற ஹாஷ் முறையைப் போடுபவர்கள் இன்னும் கவனம், அது 72 பைட்டோடு நின்றுவிடும், அதாவது தமிழில் 24 குறியீடு. பிகிரிப்ட்தான் வேண்டுமென்றால் ஜாங்கோவில் முதலில் எஸ்எச்ஏ256 போட்டுச் சுருக்கும் வகை இருக்கிறது, அதை எடுங்கள்.

இரண்டாவது விஷயம் பொல்லாதது. கொ என்ற எழுத்தில் உள்ள உயிர்க்குறியை யுனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலும் என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒரு விசைப்பலகை முதலாவது மாதிரியும் இன்னொன்று இரண்டாவது மாதிரியும் அனுப்பினால், வீட்டுக் கணினியில் பதிந்த ஆள் போனில் அதே கொக்குவிலை அடித்தும் உள்ளே போகமாட்டார். ஹாஷுக்கு ஒரு பைட் மாறினாலும் வேறு சொல்தான். பயனர்பெயரை ஜாங்கோ ஒரே வடிவுக்குக் கொண்டுவருகிறது, கடவுச்சொல்லை அப்படிச் செய்வதில்லை.

யூனிகோட்டேட்டா தொகுதியின் நோர்மலைஸ் சார்பு, உடைந்த குறியீடுகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவம், இதுதான் மருந்து. எங்கே போடுவது என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். பயனர் மொடலின் செட்_பாஸ்வேர்டில் போட்டால் நல்லதுபோல் தெரியும், ஆனால் கிரியேட்_யூசர் அதற்குள்ளால் போவதில்லை, நேரே மேக்_பாஸ்வேர்டை அழைத்துவிடும். ஆகவே ஹாஷரிலேயே போடுங்கள்: பிபிகேடிஎஃப்2 ஹாஷரிலிருந்து ஒரு கிளாஸைப் பிறப்பித்து, என்கோட் முறையில் கடவுச்சொல்லை நோர்மலைஸ் செய்துவிட்டுத் தாய் கிளாஸின் என்கோடுக்கு அனுப்புங்கள். சரிபார்க்கும் வெரிஃபையும் என்கோடைத்தான் அழைக்கிறது, அதனால் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் முடிந்துவிடும், பத்து வரி கூட வராது. ஹாஷர்ஸ் பட்டியலில் பழையதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை வையுங்கள், இரண்டையும் வைக்காதீர்கள், முறையின் பெயர் ஒன்றாக இருப்பதால் எது வாசிக்கும் என்பது குழம்பிவிடும். ஆங்கிலக் கடவுச்சொற்கள் என்எஃப்சியில் மாறாது, பழைய ஹாஷ்கள் அப்படியே செல்லும். இரண்டு குறியீடாகத் தமிழ் அடித்த பழைய ஆட்கள் மட்டும் மீட்பு இணைப்பால் வரவேண்டியிருக்கும். கௌ என்பதைக் கெ, ள என்று இரண்டு எழுத்தாக அடிப்பவர்களை இதுவும் காப்பாற்றாது, அது உண்மையாகவே வேறு எழுத்து.

மிச்சம் மீதி

டெஸ்ட் ஓடும்போது பத்து இலட்சம் சுற்று எரிச்சலாக இருக்கும். டெஸ்ட்டுக்கென்று தனி செட்டிங்ஸ் கோப்பு வைத்து அதில் மட்டும் எம்டி5 ஹாஷரைப் போடுங்கள், அந்தக் கோப்பு சேர்வருக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். லொகின் வியூவில் வந்த படிவத்தைப் பிரின்ட் பண்ணிப் பார்த்துவிட்டு அந்த வரியை அழிக்க மறப்பவர்கள் அதிகம், பிறகு லொக் கோப்பு முழுக்கக் கடவுச்சொல்தான். எச்டிடிபிஎஸ் இல்லாமல் இவ்வளவும் செய்து பயனில்லை, ஹாஷ் காப்பது தரவுத்தளத்தில் கிடப்பதை, வழியில் போவதை இல்லை. ஒப்பிடும்போது ஓதென்டிகேட் சார்பையே பயன்படுத்துங்கள். பயனர் இல்லாவிட்டாலும் அது ஒருமுறை ஹாஷ் ஓட்டிப் பார்க்கும், பதில் வரும் நேரத்தை வைத்து எந்தப் பெயரில் கணக்கு இருக்கிறது என்று கண்டுபிடிப்பது கடினமாகும். கடவுச்சொல்லை மாற்றினால் அந்த ஆளின் மற்றச் சாதனங்களில் உள்ள லொகின் எல்லாம் கழன்றுவிடும், மாற்றிக்கொண்டிருக்கும் இந்தச் சாதனமும் சேர்ந்து கழலாமல் இருக்க அப்டேட்_செஷன்_ஆத்_ஹாஷ் அழைக்கவேண்டும். ஜாங்கோவின் சொந்தக் கடவுச்சொல் மாற்றும் வியூ அதைச் செய்கிறது, உங்களுடையது செய்யாது.

எல்லாம் முடிந்த பிறகு ஷெல்லுக்குத் திரும்பிப் போங்கள். கொக்குவில் சந்தியில் மழை என்று ஒரே குறியீட்டு வடிவில் ஒரு கணக்குக்குக் கடவுச்சொல் வையுங்கள், அந்த ஒ குறியை இரண்டாக உடைத்த வடிவைச் செக்_பாஸ்வேர்டிடம் கொடுங்கள். ட்ரூ வரவேண்டும். பிறகு உங்கள் பதிவுப் பக்கத்திலும் ஏபிஐயிலும், இரண்டு இடத்திலும், பழைய அடையாள அட்டை போல 9 இலக்கமும் வியும் போட்டு ஒரு கணக்குத் திறக்கப் பாருங்கள். ஏதாவது ஒரு இடத்தில் திறந்துவிட்டால் அங்கே வேலிடேட்_பாஸ்வேர்டை அழைக்கவில்லை என்று அர்த்தம்.